சக்கரம் சின்னதாச்சு, காவல் எங்க போச்சு?

(பேசிய எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களைச் சுருக்கிச் சீர் செய்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கருவியோட பெரிய கதையைப் பார்க்கப்போறோம்.

கைக்கு அடக்கமா, ஒரு டார்ச் லைட் அளவுக்கு இருக்கும். முனையில குட்டியா ஒரு பிட்டோ, ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கட்டிங் வீலோ மாட்டிக்கலாம். ஆன்லைன்ல 'ரோட்டரி டூல்'னு தேடினா வரும். கடையில 'மினி டிரில்'னு கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாங்க. ரெசின் நகை செய்யறவங்க, எலெக்ட்ரானிக்ஸ் போர்டுல ஓட்டை போடறவங்க, மினியேச்சர் மாடல் பண்றவங்க எல்லார்கிட்டயும் இது இருக்கு. நெயில் ஸ்டூடியோவுல உங்க நகத்தைத் தேய்க்கிற மெஷினும் இதே குடும்பம்தான். டைல்ஸ் வெட்டுற ஆங்கிள் கிரைண்டர் இதுக்கு அண்ணன்.

வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்துல நிமிஷத்துக்குச் சுமார் 350 சுற்று சுத்தும். இந்தக் கைக்கருவிகள்ல சிலது 35,000 சுற்று வரை போகும். நூறு மடங்கு. அதை நாம முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல பிடிச்சு வேலை பார்க்கிறோம்.

பெட்டிக்குள்ள ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். கண்ணாடி போடு, கார்டைக் கழட்டாதே, டிஸ்க்கோட வேகத்தைப் பாரு, தூசியைச் சுவாசிக்காதேன்னு வரிசையா எழுதியிருக்கும். பெரும்பாலும் அது பெட்டியோட குப்பைக்குப் போயிடும். இந்த எபிசோட்ல அந்த வரிகள் எங்கேர்ந்து வந்ததுன்னு பார்க்கலாம். ஏன்னா அந்த வரிகள்ல பலதும் ஒரு காலத்துல ஒரு பொருளா இருந்தது. ஒரு தண்ணித் தொட்டி, ஒரு இரும்பு மூடி, தூசி இழுக்கிற ஒரு ஃபேன், சுவத்துல ஒரு அறிவிப்பு, வந்து பார்க்க ஒரு இன்ஸ்பெக்டர். கருவி சின்னதாகிக் கைக்குள்ள வர வர, அதெல்லாம் பட்டறையிலேயே தங்கிடுச்சு. வெறும் எழுத்து மட்டும் நம்மகூட வீட்டுக்கு வந்திருக்கு.

கை நின்னா கருவியும் நிக்கும்

சுத்துற முனையை வெச்சுக் கடினமான பொருளைத் துளைக்கிறது ரொம்பப் பழைய வித்தை. இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பகுதியில மெஹர்கர்னு ஒரு இடம் இருக்கு. அங்கே கிடைச்ச எலும்புக்கூடுகள்ல, 9 பேரோட 11 பற்கள்ல துளை போட்டிருக்கிறதை ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழ்ல வெளியிட்டாங்க. வயசு 7,500லேர்ந்து 9,000 வருஷம். கருங்கல் மாதிரி கெட்டியான சிக்கிமுக்கிக் கல்லை முனையா வெச்சு, வில்லால சுழற்றித் துளைச்சிருக்கணும்னு கணிக்கிறாங்க. மணி கோக்கிறதுக்கு ஓட்டை போட்ட அதே திறமைதான்.

நம்ம ஊர்லயும் இதுக்குச் சாட்சி உண்டு. நொய்யல் கரையில, ஈரோடு மாவட்டத்துல இருக்கிற கொடுமணல்ல, கார்னீலியன் போன்ற கற்கள்ல மணி செய்த பட்டறைத் தடயங்கள் கிடைச்சிருக்கு. தச்சர்கள் கயித்தைச் சுத்தி இழுத்து ஓட்டுற துரப்பணமும் இந்த வில் துளைப்பானோட உறவுதான். தெருவுல சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடல் மிதிச்சுக் கத்தியும் அரிவாள்மனையும் சாணை பிடிக்கிறவரைப் பார்த்திருப்பீங்க. அவரோட கல்லும் இந்த வகையறாதான்.

இதுல எல்லாத்துலயும் ஒரு பாதுகாப்பு தானாவே இருக்கு. மனுஷ உடம்புதான் மோட்டார். முனை சிக்கினா, கையிலயோ கால்லயோ உடனே தெரியும். நிறுத்தணும்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே உடம்பு நிறுத்திடும். 1871ல அமெரிக்காவுல ஜேம்ஸ் மாரிசன் காப்புரிமை வாங்கின பல் மருத்துவ டிரில் கூடக் காலால மிதிக்கிறதுதான். டாக்டர் கால் ஓய்ஞ்சா டிரில் நின்னுடும்.

பிரச்சினை ஆரம்பிச்சது சக்கரத்தை மனுஷன் சுத்துறதை விட்ட நாள்லேர்ந்து.

ஷெஃபீல்டின் கல் தூசி

இங்கிலாந்துல ஷெஃபீல்ட் நகரம் கத்திக்கும் கத்திரிக்கும் பேர்போனது. அங்கே சாணை பிடிக்கிறது பல ஆயிரம் பேரோட தொழில். பெரிய மணற்கல் சக்கரம், அதுக்கு முன்னாடி மரத்துல குதிரைச் சேணம் மாதிரி ஒரு இருக்கை. தொழிலாளி அதுல ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, கல்லு மேல குனிஞ்சு வேலை பார்ப்பார்.

முதல்ல ஓடைத் தண்ணிதான் சக்கரத்தைச் சுத்தினது. தண்ணி குறைஞ்ச மாசங்கள்ல வேலை நின்னுடும். பட்டறைகள் ஊருக்கு வெளியே, காத்தோட்டமா இருந்தது. ஷெஃபீல்ட்ல ஷெப்பர்ட் வீல்னு அப்படி ஒரு பழைய பட்டறையை இன்னைக்கும் அருங்காட்சியகமா வெச்சிருக்காங்க. அப்புறம் நீராவி எஞ்சின் வந்தது. எஞ்சினுக்குக் கோடை கிடையாது. வருஷம் முழுக்க வேலை, மூடின அறை, ஒரே அறையில வரிசையாப் பல கற்கள்.

ரெண்டு ஆபத்து இருந்தது. ஒண்ணு, கல் வெடிக்கிறது. உள்ளே இருக்கிற விரிசல் வெளியே தெரியாது. வேகம் ஏறினதும் கல் பிளந்து சிதறும். சேணத்துல உட்கார்ந்திருக்கிறவர் மார்புக்கு நேரா அந்தக் கல் இருக்கும். ரெண்டாவது, மெதுவான ஆபத்து: தூசி. மணற்கல் முழுக்க சிலிக்கா. கத்தி மாதிரியான சாமான்களைத் தண்ணித் தொட்டியில நனையுற கல்லுல தீட்டினாங்க. ஃபோர்க், ஊசி மாதிரியானதை உலர்ந்த கல்லுல தீட்டினாங்க.

அந்த வித்தியாசம் எவ்வளவுன்னு அந்த ஊர் டாக்டர் ஆர்னால்ட் நைட் கணக்கெடுத்து எழுதினார். ஏங்கெல்ஸ் 1845ல இங்கிலாந்துத் தொழிலாளர்களைப் பத்தி எழுதின புத்தகத்துல அந்தக் கணக்கை எடுத்துக்காட்டுறார். உலர் கல்லுல ஃபோர்க் தீட்டினவங்க 28லேர்ந்து 32 வயசுக்குள்ள இறந்தார்கள். ஈரக் கல்லுல மேசைக் கத்தி தீட்டினவங்க 40லேர்ந்து 50 வரை இருந்தார்கள். நடுவுல இருந்தது ஒரு தண்ணித் தொட்டி. அதோட விலை பத்து வருஷத்துக்கும் மேல ஆயுசு. நைட் இன்னொண்ணும் சொல்றார்: அதிகமாக் குடிக்கிறவங்கதான் அதிக நாள் வாழ்ந்தாங்களாம். குடிச்சுட்டு வேலைக்கு மட்டம் போட்டதால, தூசியை அவங்க குறைவாச் சுவாசிச்சாங்க.

தீர்வு தேடினவங்களும் இருந்தாங்க. 1820களோட தொடக்கத்துல ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆபிரகாம்ங்கிறவர் முகத்துக்கு முன்னாடி காந்தம் வெச்ச ஒரு கவசத்தைக் கண்டுபிடிச்சார். பறக்கிற இரும்புத் துகளைக் காந்தம் பிடிச்சுக்கும். நல்ல யோசனை மாதிரிதான் இருக்கு. ஆனா நுரையீரலை அரிச்சது பெரும்பாலும் கல்லோட சிலிக்கா. அது காந்தத்துல ஒட்டாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. எந்த ஆபத்துக்கு எந்தக் கவசம்னு தெரியாம ஒண்ணை மாட்டிக்கிட்டா, மாட்டியிருக்கோம்ங்கிற தைரியம் மட்டும்தான் மிஞ்சும்.

தூசியை இழுக்கிற ஏற்பாடுகளும் வந்தது. அதைத் தொழிலாளர்களே சில இடங்கள்ல உடைச்சுப் போட்டாங்கன்னு ஏங்கெல்ஸ் எழுதுறார். கேட்டா முட்டாள்தனமாத் தோணும். அவங்க கணக்கு வேற. வேலை பாதுகாப்பானதா ஆச்சுன்னா நிறையப் பேர் இந்தத் தொழிலுக்கு வருவாங்க, கூலி குறையும். ஆபத்துதான் அவங்க சம்பளத்தைத் தாங்கிப் பிடிச்சுட்டு இருந்தது. ஆயுசைக் கொடுத்துக் கூலியை வாங்கிட்டு இருந்தாங்க. இன்னைக்கு ஒரு மாஸ்க் போடாத தொழிலாளியைப் பார்த்து 'விழிப்புணர்வே இல்லை'ன்னு சொல்ற முன்னாடி, அவருக்குக் கூலி நாளுக்கா, சதுர அடிக்கான்னு கேட்கணும்னு நான் நினைக்கிறேன். சதுர அடிக்குன்னா, மாஸ்க்கைச் சரிசெய்யற ஒவ்வொரு நிமிஷமும் அவர் காசு.

கடைசியில வழி தனி மனுஷன் கையில விடப்படலை. 1867ல வந்த பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம், தூசி பறக்கிற சாணைப் பட்டறைகள்ல ஃபேன் வைக்கச் சொல்லி உத்தரவிடுற அதிகாரத்தை இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தது.

பானைக்காரரின் சக்கரம்

அடுத்த காட்சி அமெரிக்கா, மாசசூசெட்ஸ், வூஸ்டர். ஃப்ராங்க் நார்டன்ங்கிறவர் மண்பாண்டம் செய்யற பட்டறை வெச்சிருந்தார். 1870கள்ல அவர்கிட்ட வேலை பார்த்த ஸ்வென் புல்சன், தேய்க்கிற துகள்களைக் களிமண்ணோட கலந்து சூளையில சுட்டு ஒரு சாணைச் சக்கரம் செஞ்சார். மணற்கல்லை வெட்டி எடுக்கிறதுக்குப் பதிலா, ஒரே சீரான சக்கரத்தைத் தயாரிக்க முடிஞ்சது. 1885ல அந்தத் தொழில் கைமாறி நார்டன் கம்பெனி ஆச்சு. இன்னைக்கும் ஹார்டுவேர் கடையில அந்தப் பேர்ல டிஸ்க் கிடைக்கும்.

இந்த வகைச் சக்கரம் உண்மையிலேயே ஒரு மண்பாண்டம்தான். அதனால சோதிக்கிற முறையும் ஒண்ணுதான். சந்தையில பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாங்க இல்லையா? கணீர்னா நல்ல பானை, சொத்தையாச் சத்தம் வந்தா விரிசல். பெஞ்ச் கிரைண்டர்ல மாட்டுற சுட்ட சக்கரத்தையும் மாட்டுறதுக்கு முன்னாடி மரக்கட்டையால மெல்லத் தட்டிக் கேட்கணும். இன்னைக்கு வரைக்கும் பாதுகாப்பு வழிகாட்டிகள்ல இந்தச் சோதனை இருக்கு. (ஆங்கிள் கிரைண்டருக்கான மெல்லிய டிஸ்க் ரெசின்ல ஒட்டினது. அது கணீர்னு ஒலிக்காது. அதுக்கு வேற சோதனை, பின்னாடி வரேன்.)

1891ல எட்வர்ட் அச்சசன் மின் உலையில சிலிக்கான் கார்பைடு தயாரிச்சு, அதுக்குக் கார்பொரண்டம்னு பேர் வெச்சார். கொஞ்ச வருஷத்துல மலிவான மின்சாரத்துக்காக நயாகரா அருவிக்கே தொழிற்சாலையைக் கொண்டுபோனார். இந்தப் பேர் சென்னைக்காரங்களுக்குப் புதுசு இல்லை. முருகப்பா குழுமம், அந்த அமெரிக்கக் கம்பெனியோடயும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியோடயும் சேர்ந்து 1954ல ஆரம்பிச்சதுதான் கார்பொரண்டம் யுனிவர்சல். திருவொற்றியூர்ல தொழிற்சாலை.

மணற்கல் போய்ச் செயற்கைச் சக்கரம் வந்ததால பெரிய நன்மை ஒண்ணு நடந்தது. சக்கரத்துலேர்ந்து உதிர்ற சிலிக்கா தூசி போயிடுச்சு. ஷெஃபீல்டைக் கொன்ன தூசிக்கு ஒரு முடிவு வந்த மாதிரி இருந்தது.

கூடவே சக்கரம் இன்னும் வேகமாச் சுத்த ஆரம்பிச்சது. அப்போ வெடிக்கிற ஆபத்து முன்னுக்கு வந்தது. நம்ம நாட்டோட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்துல 30ஆவது பிரிவை எடுத்துப் படிச்சா ஆச்சரியமா இருக்கும். சாணை பிடிக்கிற ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் நிரந்தரமா ஒரு அறிவிப்பு இருக்கணும்னு அது சொன்னது. அந்தச் சக்கரத்தோட விளிம்பு அதிகபட்சம் எந்த வேகத்துல பாதுகாப்பாச் சுத்தலாம், தண்டு எந்த வேகத்துல சுத்துது, கப்பியோட விட்டம் என்னன்னு அதுல எழுதியிருக்க வேண்டியிருந்தது. 35ஆவது பிரிவு கண்ணுக்கு. 14ஆவது பிரிவு தூசிக்கு. 22ஆவது பிரிவு, ஓடுற மெஷின் பக்கத்துல போறவர் உடம்போட ஒட்டின உடை போடணும்னு சொன்னது. நம்ம ரோட்டரி டூல் பெட்டிக்குள்ள இருக்கிற சின்னப் புத்தகம் கிட்டத்தட்ட இதேதான். என்ன, அந்தச் சட்டத்துல இது முதலாளியோட கடமையா இருந்தது. புத்தகத்துல உங்களுடையது.

மிக்ஸியின் மாமா

சரி, பட்டறைச் சக்கரம் எப்படிக் கைக்கு வந்தது?

1895ல ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்ல ஃபைன் கம்பெனி மின்சாரத்துல ஓடுற முதல் கை டிரில்லைச் செஞ்சது. கைன்னு பேரே தவிர, தூக்கிப் பிடிக்கவே பலம் வேணும். 1917ல அமெரிக்காவுல பிளாக் அண்ட் டெக்கர், துப்பாக்கி மாதிரி கைப்பிடியும் விசையும் வெச்ச டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. அந்த விசையில பழைய பாதுகாப்பு கொஞ்சம் திரும்ப வந்தது. விரலை எடுத்தா மெஷினுக்குக் கரன்ட் போகாது. பெடல்லேர்ந்து காலை எடுக்கிற மாதிரி.

அதே காலத்துல விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரம், சின்ன மோட்டார்களுக்குப் பேர்போன ஊரா வளர்ந்துட்டு இருந்தது. ஹாமில்டன் பீச் கம்பெனி 1910ல அங்கேதான் தொடங்கிச்சு. யுனிவர்சல் மோட்டார்னு சொல்ற, கார்பன் பிரஷ் வெச்ச, குட்டியான ஆனா ரொம்ப வேகமான மோட்டார் அவங்களோட பலம். உங்க வீட்டு மிக்ஸியில அலறுறது அதே வகை மோட்டார்தான். ஆஸ்திரியாவுல பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆல்பர்ட் டிரெமல், 1932ல அதே ரசீன்ல தன் கம்பெனியை ஆரம்பிச்சார். 1930களோட நடுவுல மோட்டோ டூல்னு ஒரு கைக்கருவி வந்தது. இன்னைக்கு நாம ரோட்டரி டூல்னு சொல்றதோட முன்னோடி. ஜெராக்ஸ் மாதிரி, கம்பெனி பேரே கருவியோட பேரா ஆயிடுச்சு.

மிக்ஸியோட ஒப்பிட்டுப் பாருங்க. மிக்ஸியில பிளேடு ஜாருக்குள்ள இருக்கு, மேல மூடி. அதே வகை மோட்டார் ரோட்டரி டூல்ல இருக்கும்போது பிளேடு வெளியே இருக்கு. பல மாடல்கள்ல விசை கூட இல்லை, தள்ளி விடுற ஸ்விட்ச்தான். கைதவறிக் கீழே விழுந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். பிளாக் அண்ட் டெக்கர் கொடுத்ததும் இங்கே போயிடுச்சு.

ஆங்கிள் கிரைண்டர் கதையும் ஸ்டுட்கார்ட்லதான் சூடுபிடிக்குது. அக்கர்மான் அண்ட் ஷ்மிட் கம்பெனி 1954ல அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது. பிராண்டு பேர் ஃப்ளெக்ஸ். ஜெர்மன் மொழியில இன்னைக்கும் அந்த வேலையைச் செய்யறதுக்கே 'ஃப்ளெக்ஸன்'னுதான் சொல்வாங்க. சாணைக்கல் இப்போ தோள்ல தொங்குற பையில போய், எந்த வீட்டு மாடிக்கும் ஏறிடுச்சு. தண்ணித் தொட்டியும், தூசி இழுக்கிற ஃபேனும், சுவத்து அறிவிப்பும் ஏறலை.

சுவத்து அறிவிப்பு இப்போ டிஸ்க் மேல

30ஆவது பிரிவு கேட்ட அந்த அறிவிப்பு இன்னைக்கும் இருக்கு. டிஸ்க்கோட லேபிள்ல சின்ன எழுத்துல.

4 இன்ச் கட்டிங் வீலைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் 15,300 ஆர்பிஎம், 80 மீட்டர்னு ரெண்டு எண் இருக்கும். அதாவது விளிம்பு விநாடிக்கு 80 மீட்டர் வேகம் வரை தாங்கும். மணிக்கு 288 கிலோமீட்டர். உங்க 4 இன்ச் கிரைண்டர் சுமார் 11,000 சுற்று சுத்தினா, விளிம்பு வேகம் 58 மீட்டர்தான். பத்திரமான இடைவெளி இருக்கு.

இப்போ பலர் செய்யற ஒண்ணைப் பார்க்கலாம். ஆழமா வெட்டணும்னு கார்டைக் கழட்டிட்டு 7 இன்ச் வீலை மாட்டுறது. அந்த வீல்ல எழுதியிருக்கிறது 8,500 ஆர்பிஎம். அதை 11,000ல சுத்தினா விளிம்பு வேகம் விநாடிக்கு 104 மீட்டர் ஆகுது. டிஸ்க்கைப் பிய்க்கப் பார்க்கிற விசை, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். கணக்குப் போட்டா, தாங்கும்னு சொன்னதைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. அந்த நேரம் பார்த்து கார்டும் இல்லை. ஷெஃபீல்ட்ல சேணத்துல உட்கார்ந்திருந்தவர் நிலைமைக்கு நாமளே திரும்பிப் போறோம்.

குட்டிக் கருவியிலயும் இதே கணக்கு. நாணயம் அளவு டிஸ்க்னாலும், 35,000 சுற்றுல அதோட விளிம்பு மணிக்குச் சுமார் 158 கிலோமீட்டர்ல போகுது. கம்பி பிரஷ்கள்ல பலதுக்கு 15,000தான் எல்லை. அதை 30,000ல ஓட்டினா இழுவிசை நாலு மடங்கு. கம்பிகள் ஒவ்வொண்ணாக் கழண்டு ஊசி மாதிரி பறக்கும்.

முன்னாடி சொன்ன ரெசின் டிஸ்க்குக்கான சோதனை இதுதான்: நடுவுல இருக்கிற உலோக வளையத்தைப் பாருங்க. நல்ல கம்பெனி டிஸ்க்ல மாசம், வருஷம் அச்சடிச்சிருக்கும். அது காலாவதித் தேதி. கையில பிடிக்கிற மெஷினுக்கான ரெசின் டிஸ்க்குக்கு ஐரோப்பியத் தரவிதி கொடுக்கிற ஆயுள், தயாரிச்ச நாள்லேர்ந்து அதிகபட்சம் 3 வருஷம். ஈரமும் காலமும் ஒட்டுற ரெசினைப் பலவீனமாக்கும். மாத்திரைக்குத் தேதி பார்க்கிற நாம, 288 கிலோமீட்டர் வேகத்துல சுத்தப்போற ஒண்ணுக்கும் பார்க்கலாமே.

திரும்பி வந்த தூசி

சிலிக்கா சக்கரத்தை விட்டுப் போயிடுச்சுன்னு சொன்னேன் இல்லையா? அது வேற வழியாத் திரும்பி வந்துடுச்சு. இந்த முறை வெட்டப்படுற பொருள்லேர்ந்து.

புது ஃபிளாட்டுகள்ல சமையல் மேடைக்குக் 'குவார்ட்ஸ்' போடறது இப்போ ஃபேஷன். அது மலையிலேர்ந்து வெட்டின கல் கிடையாது. குவார்ட்ஸ் தூளை ரெசின்ல கலந்து அழுத்திச் செஞ்ச பலகை. வழக்கமான வகையில 90 சதவீதம் அளவுக்குச் சிலிக்கா. கிரானைட்ல இதைவிட ரொம்பக் குறைவு. மார்பிள்ல சொற்பம். இந்தப் பலகையை உலர்வா, ஆங்கிள் கிரைண்டர்ல வெட்டினா என்ன நடக்கும்னு மறுபடி தெரிய வந்தது. இஸ்ரேல், ஸ்பெயின், ஆஸ்திரேலியான்னு பல நாடுகள்ல இளம் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1லேர்ந்து இந்தச் செயற்கைக் கல்லைத் தடை செஞ்சது. அப்படிச் செஞ்ச முதல் நாடு அது.

சிலிக்கோசிஸ் எப்படி வேலை செய்யுது? கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள் நுரையீரலோட கடைசிப் பைகள் வரை போகும். உடம்போட காவல் செல்கள் அதை விழுங்கும், ஆனா செரிக்க முடியாது. செல் சாகும், துகள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். இந்தச் சண்டையில நுரையீரல் தழும்பேறி இறுகிடும். வேலையை விட்ட பிறகும் வளரலாம். பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. காசநோய் வர வாய்ப்பும் கூடும்.

நம்ம நாட்டுல இதுக்கு நீண்ட வரலாறு இருக்கு. குஜராத்தின் கம்பாத்ல அகேட் கல்லைத் தேய்ச்சு மணி செய்யறது பரம்பரைத் தொழில். கொடுமணல் மணிகளோட தொலைதூரச் சொந்தம்னு சொல்லலாம். பெரும்பாலும் வீட்டுலயே நடக்கிற வேலை. மோட்டார் சக்கரம் வந்தது. தூசி வீட்டுக்குள்ளேயே. தொழிற்சாலைகள் சட்டம், மோட்டார் வெச்சு 10 பேருக்குக் குறையாம வேலை பார்க்கிற இடங்களுக்காக எழுதப்பட்டது. குடும்பமா வீட்டுல உட்கார்ந்து தேய்க்கிறவங்க அந்த எண்ணிக்கைக்குள்ள எங்க வருவாங்க? சிலிக்கோசிஸ் அங்கே பரவலா இருக்கிறதை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆய்வு செஞ்சு பதிவு பண்ணியிருக்கு. ஃபிளாட்ல டைல்ஸ் வெட்ட வர்ற ரெண்டு பேரையும் அதே சல்லடை ஓட்டை வழியாத்தான் நழுவ விட்டுட்டோம்.

அப்போ நாம என்ன செய்யறது?

விட்டுட்டு வந்ததை ஒவ்வொண்ணாத் திரும்ப எடுத்துட்டு வரணும். அவ்வளவுதான்.

தண்ணித் தொட்டி: கல், டைல், கான்கிரீட்னா ஈரத்தோட வெட்டணும், இல்லைன்னா தூசியை உறிஞ்சுற வேக்குவம் இணைக்கணும். ஆனா சாதாரண கிரைண்டர் மேல பாட்டில்ல தண்ணி ஊத்துறது ஷாக்குக்கு வழி. ஈர வேலைக்குன்னே செஞ்ச கட்டர் வேணும், அந்த லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கணும்.

ஃபேன்: வீட்டுல சின்ன வேலைன்னாலும் பெட்ரூம்ல வேண்டாம். முகத்துல கட்டுற கர்ச்சீஃப், ஆபிரகாமோட காந்தம் மாதிரி. தைரியம் தரும், நுண்தூசியைப் பிடிக்காது. முகத்தோட இறுக ஒட்டுற என்95 அல்லது அதுக்கு மேல.

இரும்பு மூடி: கிரைண்டர்ல கார்டு எப்பவும் இருக்கட்டும். டிஸ்க் சுத்துற தளத்துக்கு நேரா முகத்தையோ வயித்தையோ வைக்காதீங்க. புது டிஸ்க் மாட்டினா, ஆளில்லாத பக்கம் திருப்பி அரை நிமிஷம் சும்மா ஓட்டுங்க. கண்ணுக்குப் பக்கவாட்டையும் மூடுற கண்ணாடி. பவர் கண்ணாடி அந்தக் கணக்குல வராது.

விசை: ஆன் பண்றதுக்கு முன்னாடி ஸ்விட்ச் எங்கேன்னு விரலுக்குத் தெரியணும். பிட் மாத்தும்போது பிளக்கைக் கழட்டுங்க, பேட்டரின்னா பேட்டரியை. சின்னப் பொருளை இடது கையில பிடிச்சுக்கிட்டு வலது கையில அறுக்காதீங்க, ஒரு குட்டி வைஸ் வாங்குங்க. கையால ஓட்டுற துரப்பணம் சிக்கினா நின்னுடும். இது சிக்கினா, பொருளையோ கருவியையோ தூக்கி எறியும்.

உடை: பைக்ல பின் சக்கரத்தை மூடுற சேலை கார்டு எதுக்குன்னு நமக்கு நல்லாத் தெரியும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123ஆவது விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கு. அந்தப் புத்தியை இங்கேயும் கொண்டுவாங்க. துப்பட்டா, ஐடி கார்டு கயிறு, தொங்குற இயர்ஃபோன், தளர்ந்த துணிக் கையுறை எதுவும் வேண்டாம். முடியை இறுகக் கட்டுங்க.

கடைசியா, இன்ஸ்பெக்டர். உங்க மேசையில அந்த ஆள் நீங்கதான். ஆனா உங்க வீட்டு மேடையை வெட்ட வர்ற தொழிலாளிக்கு? கொட்டேஷன் பேசும்போதே, 'கல்லைப் பட்டறையிலேயே தண்ணி விட்டு வெட்டிக் கொண்டுவருவீங்களா? இங்கே உலர்வா வெட்டக் கூடாது, அதுக்கு ஆகிற கூடுதல் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் போடுங்கண்ணே'ன்னு கேட்டுப் பாருங்க. 1845ல ஏங்கெல்ஸ் எழுதின கணக்கு, பாதுகாப்பு வந்தா கூலி குறையும்ங்கிறது. நாம கூலியில அதைச் சேர்த்துக் கொடுத்தா, அந்தக் கணக்கை அந்த ஒரு வீட்டளவுல மாத்தலாம்.

இந்த எபிசோட் பத்தின உங்க கருத்துகளை எழுதுங்க. பட்டறையிலயோ கல் வேலையிலயோ இருக்கிற யாராவது உங்க வீட்டுல இருந்தா, முதல்ல அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல வேறொரு பொருளோட கதையோட வரேன்.